சக்கரத்தின் சாய்வு

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோர வீதி, நிலாவெளியின் உப்பளங்களைக் கடந்து, முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் குச்சவெளியை அடைகின்றது. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே களப்புகளும் பற்றைக் காடுகளும். நடுவே மணலும் உப்புக்காற்றும் இடைவிடாது அரிக்கும் ஒரு வீதி. அவ்வீதியில் மாட்டு வண்டில் சென்ற காலமும் உண்டு. இராணுவ லொறி சென்ற காலமும் உண்டு. இன்று தார் மெழுகிய பாதையில் விரைந்து செல்லும் கார்களின் காலமும் வந்துவிட்டது. வண்டி மாறினும் ஒன்று மாறவில்லை. வண்டியின் முழுப் பாரத்தையும் வேகத்தையும் நிலத்தோடு இணைப்பது, சக்கரம் மண்ணைத் தொடும் உள்ளங்கையளவு இடமேயாகும்.

அந்த உள்ளங்கையளவு இடம் முழுமையாக நிலத்தில் பதிவதும் பதியாததும் சக்கரம் நிற்கும் நிலையைப் பொறுத்தவை. ஒரு காரின் முன்னே சற்றுத் தொலைவில் நின்று நோக்குவோர்க்கு, அதன் முன்சக்கரங்கள் இரண்டும் சுவர்போல நேராக நிற்பதாகவே முதலில் தோன்றும். அளவுகோல் கொண்டு பார்த்தால் அவை மிகச் சிறிதளவு சாய்ந்திருப்பது தெரியவரும். சக்கரத்தின் தலை வெளிப்புறம் சாய்ந்திருந்தால் அது வெளிச்சாய்வு. உட்புறம் சாய்ந்திருந்தால் அது உட்சாய்வு. இச்சாய்வையே மோட்டார்த் தொழிலாளர் 'கேம்பர்' என்பர். அறுபது சென்ரிமீற்றர் உயரமுள்ள சக்கரம் ஒரு பாகை சாய்ந்தால், அதன் தலை அடியிலிருந்து விலகும் தூரம் ஒரு சென்ரிமீற்றரை ஒட்டியதுதான். கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒரு சென்ரிமீற்றரின் வரலாறு, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறாகும்.

கேம்பர் என்ற சொல், வளைவு எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த மரக்கலங்களின் மேல்தட்டு நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தது. அலைநீர் தங்காது வழிந்தோடுவதற்காகவே தச்சர் அவ்வாறு அமைத்தனர். அந்த வளைவுக்குப் பெயர் கேம்பர். கல்லிட்டு அமைத்த வீதியும் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்த்தப்பட்டது. அதற்கும் அதே பெயர். பின்னர் வண்டிச் சக்கரத்தின் சாய்வும் அதே பெயரைப் பெற்றது. கப்பலும் வீதியும் சக்கரமும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டது தற்செயலன்று. நேர்கோடு எங்கும் நன்று என்று எண்ணாத தொழிலாளரின் அனுபவம் மூன்றிலும் உறைந்திருக்கின்றது.

மரச்சக்கரத்தின் காலத்திலேயே இந்தச் சாய்வு தோன்றிவிட்டது. இழுக்கும் விலங்கு ஒவ்வோர் அடியெடுத்து வைக்கும்போதும் வண்டி ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக அசைகின்றது. அந்த அசைவில் பாரம் சக்கரத்தின் குடத்தைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. தட்டையான சக்கரமாயின் ஆரக்கால்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். எனவே ஐரோப்பியத் தச்சர் சக்கரத்தை ஆழமற்ற தட்டம் போலக் குழிவாகச் செய்தனர். குழிவான சக்கரம் பக்கவாட்டுத் தள்ளுதலை உறுதியுடன் தாங்கியது. ஆனால் அதனால் வேறொரு தொல்லை எழுந்தது. குழிவின் காரணமாக ஆரக்கால்கள் யாவும் குடத்திலிருந்து வெளிப்புறம் சரிந்து நின்றன. பாரத்தைத் தாங்கும் அடி ஆரக்காலோ செங்குத்தாக நிற்றல் வேண்டும். தச்சர் இதற்கும் வழி கண்டனர். அச்சின் இரு முனைகளையும் சற்றுக் கீழ்நோக்கி வளைத்தனர். அடி ஆரக்கால் செங்குத்தாயிற்று. சக்கரத்தின் தலையோ வெளிப்புறம் சாய்ந்தது. தலை விலகி நின்றமையால் மேலே வண்டியின் கூட்டை அகலமாக அமைக்கவும் இடம் கிடைத்தது.

இங்கு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அச்சை வளைத்த தச்சன் பாகை அளக்கும் கருவி எதையும் வைத்திருக்கவில்லை. அடி ஆரக்கால் நேரே நிற்கின்றதா என்று தூக்குநூல் விட்டுப் பார்த்தான். சாய்வு அவனுக்கு நோக்கமன்று. பாரம் நேராக நிலத்தில் இறங்குவதே நோக்கம். சாய்வு அதன் விளைவு. இந்த வேறுபாட்டைப் பிற்காலத்தார் பலமுறை மறந்தனர். மறந்தபோதெல்லாம் விலை கொடுத்தனர்.

மாட்டு வண்டிலும் குதிரை வண்டியும் திரும்பும்போது முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பியது. 1816ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த வண்டித் தொழிலாளி கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர் என்பார் வேறொரு முறையை வகுத்தார். அச்சு அசையாது நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனி முளைகளில் திரும்பின. லண்டனில் வாழ்ந்த ருடோல்ப் அக்கர்மான் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் கண்டவர் பெயர் மறைய, பதிந்தவர் பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது. 1886இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ் தம் முதல் வண்டியை மூன்று சக்கரங்களோடு அமைத்தார். திருப்பும் முறைக்கு நிறைவான விடை அவர்க்கு அப்போது கிடைக்கவில்லை. 1893இல் இரட்டை முளைத் திருப்புமுறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அவருடைய நாற்சக்கர வண்டி வீதிக்கு வந்தது.

முளையில் திரும்பும் சக்கரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் முளைக்குச் சற்று வெளியே நிற்பதால், வழியிலுள்ள கல்லொன்று அதில் மோதினால் அந்த அடி நெம்புகோல் போல வேலை செய்து, சாரதியின் கையிலுள்ள திருப்புவளையத்தைப் பறித்துவிடும். கல்லும் குழியும் நிறைந்த அக்கால வீதிகளில் இது உயிராபத்தான விடயம். இதற்கு விடை தச்சனின் பழைய பட்டறையிலிருந்தே வந்தது. சக்கரத்தின் அடியை உள்நோக்கியும், முளையின் அடியை வெளிநோக்கியும் சாய்த்தால், இரண்டின் கோடுகளும் நிலத்தில் ஓரிடத்தில் சந்திக்கும். அப்போது அடியின் நெம்புவலி பெரிதும் குறையும், திருப்புதல் இலகுவாகும். பாரமும் குடத்தின் உட்பக்கத்திலுள்ள பெரிய தாங்கியின்மேல் அழுந்தும். இக்காரணங்களால் தொடக்ககால மோட்டார் வண்டிகளின் முன்சக்கரங்கள் இரண்டு மூன்று பாகை வெளிச்சாய்வுடன் அமைந்தன. நடுவுயர்ந்த வீதிக்கும் அது ஓரளவு ஒத்திருந்தது.

ஆனால் வண்டியின் வேகம் பெருகிற்று. ரயரின் வடிவமும் மாறிற்று. 1920களில் முன்சக்கரங்களுக்கும் தடை பூட்டும் வழக்கம் பரவியது. 1923இல் குறைந்த காற்றழுத்தமுள்ள பருத்த ரயர்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ஒடுங்கிய உருண்டை ரயர் சாய்ந்து நின்றாலும் நிலத்தைத் தொடும் இடம் அதிகம் மாறாது. அகன்ற ரயரோ சாய்ந்தால் ஒரு விளிம்பில் மட்டுமே நிற்கும். அந்த விளிம்பு விரைவில் தேயும். மேலும், சாய்ந்து உருளும் சக்கரம் நேரே செல்வதில்லை. சாய்த்து உருட்டிவிட்ட நாணயம் சாய்ந்த பக்கமே வளைந்து செல்வதைக் குழந்தைகளும் அறிவர். வெளிச்சாய்வுள்ள இரு சக்கரங்களும் வண்டியை இரு பக்கமும் இழுக்கின்றன. இரண்டும் சமமாயிருக்கும்வரை தீங்கில்லை. ஒன்று கூடி ஒன்று குறைந்தால், கூடச் சாய்ந்த பக்கமே வண்டி ஓடும்.

வேறொரு நோயும் அக்காலத்தில் தோன்றியது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பூட்டப்பட்டிருந்தமையால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மற்றதும் சேர்ந்து சாய்ந்தது. சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு திசையில் திமிறுவது போல, வேகமாகச் சுழலும் சக்கரங்களும் திமிறின. முன்புறம் முழுவதும் வெறிகொண்டது போல நடுங்கிற்று. பிரித்தானியாவின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிப் பின் அமெரிக்காவுக்குச் சென்ற மொரிஸ் ஒலி என்ற பொறியியலாளர் இந்த நோயை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய ஆராய்ச்சியின் பயனாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1934ஆம் ஆண்டுக் கார்களில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு இடம்பெற்றது.

தனித்தனிச் சக்கரம் ஒரு நோயை நீக்கிற்று. ஆயினும் ஒரு புதிய கேள்வியை எழுப்பிற்று. வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்புறம் சரிகின்றது. சமநீளமுள்ள இரு கரங்களில் பூட்டிய சக்கரம் உடலோடு சேர்ந்து வெளியே சாய்கின்றது. பாரம் முழுவதும் அழுந்தும் வெளிச்சக்கரமே, அது மிகவும் தேவைப்படும் கணத்தில், விளிம்பில் நிற்க நேர்கின்றது. எனவே மேற்கரத்தைக் குறுகலாகவும் கீழ்க்கரத்தை நீளமாகவும் அமைத்தனர். சக்கரம் மேலெழும்போது குறுகிய மேற்கரம் அதன் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலின் சரிவை அது ஓரளவு ஈடுசெய்யும். சாய்வு இப்போது அசையாத ஓர் அளவன்று; வீதியின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவாயிற்று. நிற்கும் காரில் அளக்கும் எண், ஓடும் காரின் கதையில் முதல் வரி மாத்திரமே.

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவன ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் வெளிவந்த எம். ஜி. நிறுவனத்தின் டி. சி. கார், பழைய முறைப்படி ஒரே இரும்பு அச்சில் நின்றது. அதன் சாய்வு தொழிற்சாலையில் இரும்பிலேயே வகுக்கப்பட்டது. திருகாணி எதையும் திருப்பி அதை மாற்ற இயலாது. போர்க்காலத்தில் இலங்கை வீதிகளில் ஓடிய ஜீப் வண்டிகளின் நிலையும் அதுவே. அச்சு வளைந்தால் அச்சையே நிமிர்த்த வேண்டும். அல்லது மாற்ற வேண்டும். 1950இல் வந்த டி. டி. காரோ தனித்தனிச் சக்கரங்களைப் பெற்றது. ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு கார்களும், இரண்டு யுகங்களின் எல்லைக்கற்களாக நிற்கின்றன.

சாய்வைத் தொழிலாளியின் கையில் ஒப்படைத்த கார்களுள் ஜாகுவார் நிறுவனத்தின் ஈ-டைப் புகழ்பெற்றது. 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் அது உலகின் பார்வைக்கு வந்தது. அதன் மேற்கரம் சட்டத்தோடு இணையும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் செருகப்பட்டுள்ளன. தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ மேற்கரத்தின் மூட்டை நகர்த்தலாம். மூட்டு உள்நோக்கி நகர்ந்தால் சக்கரத்தின் தலையும் உள்ளே சாயும். வெளிநோக்கி நகர்ந்தால் வெளியே சாயும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிப்புள்ள தகடு ஏறத்தாழக் கால் பாகையை மாற்றிவிடும். ஒரு தகட்டின் தடிப்பு, காரின் குணத்தையே மாற்ற வல்லதாயிற்று.

அந்த வேலையின் ஒழுங்குமுறையை அறிவது பயனுடையது. முதலில் தரை சமமாயிருத்தல் வேண்டும். ரயர்களின் காற்றழுத்தம் விதித்தபடி இருத்தல் வேண்டும். சக்கரத் தாங்கிகளும் மூட்டுகளும் ஆட்டமற்றனவாக இருத்தல் வேண்டும். ஆட்டமுள்ள மூட்டில் அளந்த அளவு காற்றில் எழுதிய எழுத்தாகும். காரை விதித்த உயரத்தில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, ஒரு முறை சாய்வை அளக்க வேண்டும். பின் காரை முன்னே தள்ளிச் சக்கரத்தை அரைச்சுற்றுச் சுழற்றி மீண்டும் அளக்க வேண்டும். சக்கர விளிம்பில் உள்ள கோணல் அளவில் கலந்துவிடாமல் இருப்பதற்கே இந்த இரண்டாம் அளவை. அதன் பின்னரே தகட்டைத் தொடலாம். முன் மூட்டிலும் பின் மூட்டிலும் ஒரே அளவு மாற்ற வேண்டும். தவறினால் முளையின் முன்பின் சரிவும் கெட்டுவிடும். இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என ஒப்பிட வேண்டும். சாய்வு மாறியபின் சக்கரங்களின் முன்முனை நெருக்கமும் மாறியிருக்குமாதலால் அதையும் இறுதியில் அளந்து திருத்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் இவ்வேலையில், அவசரக்காரனுக்கு இடமில்லை.

அத்துணை விரைவான அந்தக் காருக்கும் தொழிற்சாலை விதித்த முன்சாய்வு கால் பாகை வெளிச்சாய்வேயாகும். பொதுவீதியில் அமைதியாகவும் நேராகவும் செல்லும் சாரதியை எண்ணி விதிக்கப்பட்ட அளவு அது. பந்தயக்களத்திற்கோ வேறு நியாயம். போருக்குப்பின் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள் பலவும் பந்தயக்களங்களாயின. இலங்கையில் கட்டுகுருந்தவும், சென்னைக்கு அண்மையில் சோழவரமும் அவ்வாறு புதுவாழ்வு பெற்ற இடங்கள். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. இக்களங்களில் வளைவில் நிலைகொள்வதே வெற்றி. வளைவில் சரியும் உடல் சக்கரத்தை வெளியே சாய்க்குமாதலால், முன்கூட்டியே சக்கரத்தை உள்ளே சாய்த்து வைத்தனர். 1960களில் பந்தய ரயர்கள் மேலும் அகன்றபோது உட்சாய்வு இன்றியமையாததாயிற்று. தச்சன் வெளியே சாய்த்த சக்கரத்தைப் பந்தயப் பொறியியலாளன் உள்ளே சாய்த்தான். இருவரும் எதிர்த்திசையில் சென்றனர்; எனினும் இருவருடைய நோக்கமும் ஒன்றே. பாரம் இறங்கும் கணத்தில் சக்கரம் நிலத்தில் செம்மையாகப் பதிதல் வேண்டும்.

எவ்வளவு சாய்ப்பது? அதற்கு விடையை ரயரே கூறும். களத்தைச் சுற்றி வந்தவுடன் ரயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிடத்தும் வெப்பத்தை அளப்பர். வெளிவிளிம்பு மிகச் சுட்டால் உட்சாய்வு போதாது; உள்விளிம்பு மிகச் சுட்டால் உட்சாய்வு மிகை. மிகையானால் நேர்வழியில் ரயர் உள்விளிம்பில் மட்டும் ஓடும்; தடை அழுத்தும்போது பிடிப்புக் குறையும்; வெப்பம் ஓரிடத்தில் குவிந்து ரயர் கொப்புளிக்கும்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் போர்மியூலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் களத்தில் ஒரு நிறுவனத்தின் ரயர்கள் சாய்தள வளைவின் பாரத்தைத் தாங்கமாட்டா என அஞ்சி அணிகள் பல விலக, ஆறு கார்களே ஓடின. அவர் நான்காவதாக வந்தார். ரயர் தாங்கும் எல்லையை மீற எந்தப் பொறியியலாலும் இயலாது என்பதை அன்று உலகம் கண்டது. 2011இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் ரெட் புல் அணி, ரயர் நிறுவனம் பரிந்துரைத்த எல்லையான நான்கு பாகைக்கு மேலும் முன்சக்கரங்களை உட்சாய்த்து வைத்தது. முன்ரயர்கள் கொப்புளித்தன. பந்தயத்துக்கு முன் இரவெல்லாம் அச்சம் நிலவியது. செபாஸ்தியன் வெட்டல் வென்றார். எனினும் தொடக்கத்திலேயே ரயர்களை மாற்றிக்கொண்டுதான் வெல்ல முடிந்தது. ஒரு பாகையின் சிறு பின்னம், உலகின் தலைசிறந்த அணியொன்றை உயிரபாயத்தின் விளிம்பில் நிறுத்திற்று.

இந்த நீண்ட வரலாறு குச்சவெளி வீதியில் செல்லும் எளிய காருக்கும் பொருந்துவதே. குச்சவெளிக்கு வடக்கே, அதே பிரதேசப் பிரிவில் அமைந்த புல்மோட்டையின் கருமணலில் இல்மனைற் என்னும் தாது நிறைந்துள்ளது. அதைப் பிரித்தெடுப்பதற்காக 1957இல் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இல்மனைற்றில் அடங்கியிருப்பது தைத்தானியம். பெரும்பகுதி வெள்ளை வண்ணப்பூச்சுக்குப் பயன்படினும், அந்த உலோகம் பந்தயக் கார்களின் இலேசான உறுப்புகளிலும் இடம்பெறுகின்றது. உலகின் விரைவான சக்கரங்களைத் தாங்கும் உலோகத்தின் மூலப்பொருள் இக்கரையோரத்தில் மணலாகக் கிடக்கின்றது. அம்மணலைக் கடந்து செல்லும் வீதியோ நெடுங்காலம் துயருற்றது. உள்நாட்டுப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே களப்புகளின் குறுக்கே புதிய பாலங்களும் செம்மையான பாதையும் அமைந்து, பழைய துறைகளில் படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் கழிந்தது.

பாதை செம்மையானதும் வேகம் கூடிற்று. வேகம் கூடியதும் சக்கரத்தின் சாய்வு முன்னிலும் பெரிய பொருளாயிற்று. குழியில் ஒருமுறை விழுந்த கார், உப்புக்காற்றில் துருவேறிய மூட்டு, தேய்ந்த இறப்பர் உறை ஆகிய ஒவ்வொன்றும் சாய்வைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். கெட்ட சாய்வு ரயரின் உள்விளிம்பைத் தின்னும். நின்று நோக்குவோர் கண்ணுக்கு வெளிப்பக்கம் புதியதாகவே தோன்றும். மழை பெய்யும் ஒரு மாலையில், குடும்பத்தோடு செல்லும் ஒரு சாரதி தடையை அழுத்தும்போதுதான் உண்மை வெளிப்படும். அப்போது அறிவது மிகவும் காலந்தாழ்ந்த அறிவாகும்.

அதை முன்னரே அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. இன்று நகர்களில் ஒளிக்கதிர் கொண்டும் கணினி கொண்டும் அளக்கும் பட்டறைகள் உள. அவை எட்டாத இடத்திலும் கொத்தனின் தூக்குக்குண்டு எட்டும். சமதரையில் நிறுத்திய காரின் சக்கரத்துக்கு முன்னே நூலைத் தொங்கவிட்டு, சக்கர விளிம்பின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களை அளந்தால் போதும். விளிம்பின் குறுக்களவு நாற்பது சென்ரிமீற்றராயின், இரு தூரங்களின் வேறுபாடு ஏழு மில்லிமீற்றராக இருப்பது ஒரு பாகைச் சாய்வு. இரு சக்கரங்களையும் ஒப்பிட்டு, காருக்குரிய கைநூல் விதித்த அளவோடு பொருத்திப் பார்த்தால், பட்டறைக்குச் செல்ல வேண்டுமா என்பது விளங்கிவிடும்.

மரச்சக்கரத்தின் அடி ஆரக்காலை நேராக்கிய தச்சன் பயன்படுத்தியதும் அதே நூல்தான். அவன் எண்ணைத் தேடவில்லை. பாரம் எங்கே இறங்குகின்றது என்பதையே தேடினான். எவரோ ஒருவருடைய பந்தயக் காரில் நன்றாயிருந்த அளவைத் தம் காருக்கும் வைத்துக்கொள்வோர் எண்ணைக் கற்றவர். தம் வீதியையும் தம் பாரத்தையும் தம் ரயரின் தேய்வையும் பார்த்து அளவை முடிவு செய்வோர் தொழிலைக் கற்றவர். சக்கரம் வெளியே சாய்ந்த காலமும் உள்ளே சாய்ந்த காலமும் வந்து சென்றன. நிலத்தைத் தொடும் அந்த உள்ளங்கையளவு இடத்தை மறவாதவர்களின் வண்டிகளே எக்காலத்திலும் பத்திரமாக வீடு திரும்பின.